108 தெரியும், விலாசம் தெரியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரச் சிறுவர் பகுதியில் அவசர உதவி எண்களைப் போட்டிருந்தீர்கள். போலீஸ் 100, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகளுக்கு 1098, எல்லா அவசரத்துக்கும் பொதுவாக 112. நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். "சரி, 108-க்குப் போன் போட்டு என்ன சொல்லுவே?" என்று கேட்டுப் பாருங்கள், "தாத்தாவுக்கு முடியல, சீக்கிரம் வாங்கன்னு சொல்லுவேன்" என்பதோடு நின்றுவிடும்.

எங்கே வருவது? 108-க்கு அடித்தால் உள்ளூர் ஆம்புலன்ஸ் டிரைவர்தான் எடுப்பார் என்று பெரியவர்களே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அழைப்பு போவது கட்டுப்பாட்டு அறைக்கு, அங்கே இருப்பவர் மாவட்டம், ஊர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேட்டுத்தான் வண்டியை அனுப்ப முடியும். "புதூர், பிள்ளையார் கோயில் தெரு" என்று பிள்ளை சொன்னால் தமிழ்நாட்டில் எத்தனை புதூர், எத்தனை பிள்ளையார் கோயில் தெரு! போதாக்குறைக்குப் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று வேறு. அப்பா பெயர் கேட்டால் "அப்பா" என்று சொல்கிற வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால்தான் வரும்.

அப்புறம் போன். எல்லார் போனும் பூட்டியே இருக்கிறது. விழுந்து கிடக்கிற பாட்டியின் விரலைப் பிடித்து வைத்துத் திறக்கச் சொல்லவா முடியும்? பூட்டிய திரையிலேயே அவசர அழைப்புக்கு ஒரு பட்டன் இருக்கிறது, அதைத் தொட்டு 112 போடலாம், லாக்கைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு இடத்தில் இருப்பதால் வீட்டில் உள்ள போனிலேயே காட்டிக் கொடுப்பதுதான் சரி. பேசிப் பழக போனை அணைத்துவிட்டு ஒருவர் ஆம்புலன்ஸ்காரராக நடித்தால் போதும், விளையாட்டுக்குக்கூட நிஜமாக அழைக்கக் கூடாது. எதிர்முனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும்வரை வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பயத்தில் பிள்ளைகள் பாதியிலேயே வைத்துவிடுவார்கள்.

இன்னொன்று. "சாப்பிடலன்னா போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, ஆபத்து என்றால் 100-ஐக் கூப்பிடு என்றால் எந்தப் பிள்ளை கூப்பிடும்?

தீ பிடித்தால் முதலில் வெளியே ஓடு, பிறகு போன் செய், கரண்ட் அடித்துக் கிடப்பவரைத் தொடாதே, பக்கத்து வீட்டு அத்தை இருந்தால் முதலில் அவரைச் சத்தம் போட்டுக் கூப்பிடு. இவையும் எண்களோடு சேர்ந்தே போக வேண்டியவை.

வெறும் எண்களைப் போட்டதற்குப் பதில் அடுத்த இதழில் கத்தரித்து ஒட்டுகிற மாதிரி ஒரு கட்டம் போடுங்களேன். மாவட்டம், ஊர், தெரு, கதவு எண், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது கடை, அம்மா அப்பா பெயர், அவர்கள் போன் நம்பர் என்று வரிகளைக் காலியாக விட்டால் பிள்ளைகளே நிரப்பிக்கொள்வார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும். பிரிட்ஜ் கதவில் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டச் சொல்லி ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் நாம் நம் உயரத்துக்கு ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மன்னார்குடி