நம் தெருக் குடியிருப்போர் சங்கம், தக்கலை: 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றம், ஓணத்தை ஒட்டிய விளையாட்டுப் போட்டிகள், பொங்கல் விழா ஆகியவை வழக்கம்போல நடந்தன. அடைபட்டுக் கிடந்த ஓடை மழைக்கு முன் தூர்வாரப்பட்டது. படிப்பகத்துக்கு நாளிதழ்கள் தடையில்லாமல் வந்தன.

இனி, சங்கத்தின் மின்னணுச் சாதனங்களுக்கும் கணினிக்கும் நாம் தொடங்கிய பராமரிப்பு அட்டவணை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதற்கு இவ்வளவு அவசரம் என்ன என்று செயற்குழுவிலேயே கேட்டவர்கள் உண்டு.

ஆடி மாதத்தில் ஓர் உறுப்பினரின் பைக் வீட்டு வாசலிலிருந்து திருடு போனது. போலீசார் கேமரா பதிவைக் கேட்டார்கள். படிப்பகத் திரையில் எல்லாக் கேமராக்களும் பளிச்சென்று தெரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரைத் திறந்து தேடினால் கடைசிப் பதிவு பங்குனி மாதத்தது. ஹார்ட் டிஸ்க் அப்போதே போய்விட்டது. நேரடிப் படம் காட்ட ஹார்ட் டிஸ்க் தேவையில்லை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பழுதானால் பீப் சத்தம் போடும் வசதி அதில் உண்டு. சத்தம் தொல்லை என்று யாரோ அதையும் அணைத்து வைத்திருந்தார்கள். வண்டி இன்றுவரை கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை பதிவை ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும் என்று போன பொதுக்குழுவிலேயே கேட்டிருந்தேன் என்பதையும், ஒருவரும் முன்வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அதற்குப் பிறகுதான் அட்டவணை சுவரில் ஏறியது. எதை எப்போது பார்ப்பது, யார் பார்ப்பது, பார்த்தவர் கையெழுத்து, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்களை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அதை ஒட்டி வரும் ஞாயிறு காலையை நம் பராமரிப்பு நாளாக வைத்தோம். அப்டேட் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2017 மே மாதம் உலகமெங்கும் கணினிகளை முடக்கிய வானாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு, அந்த மார்ச்சிலேயே அப்டேட் வந்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அதே ஞாயிறில் கேமராவின் போன வாரப் பதிவு ஒன்றை ஓட்டிப் பார்க்கிறோம். டிவிஆர் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பார்க்கிறோம். நேரம் தப்பாக இருந்தால் பதிவு இருந்தும் பிரயோஜனம் குறைவு. உறுப்பினர் பட்டியலும் கணக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுக்கப்பட்டு, உடனே கழற்றப்பட்டு, பொருளாளர் வீட்டுக்குப் போகிறது. செருகியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும். இன்னொரு நகல் இணையத்தில் இருக்கிறது. நகல் எடுத்தால் மட்டும் போதாது, ஒரு கோப்பையாவது திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

நம் ஊருக்கென்று தனியாகச் சேர்த்தவையும் உண்டு. இடவப்பாதிக்கும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழைக்கும் (வடகிழக்குப் பருவமழை) முன்பு எர்த்திங் சரிபார்ப்பு. இடி தொடங்கும் முன்பே ரவுட்டர், டிவிஆர், கணினி மூன்றின் ப்ளக்கையும் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்னல் கேபிள் வழியாகவும் வரும், ஆகவே கேபிளையும் கழற்ற வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பும் தாதுக்களும் பேட்டரியைக் கெடுக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். போன் சார்ஜ் போடக்கூட வழி தேடி அலைந்த அந்த நாட்களில், பார்த்துப் பராமரித்த ஒரு பேட்டரி ஒரு தெருவுக்கே உதவியிருக்கும்.

ஞாயிறு காலை வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் பலர். பெரும்பாலும் வந்தது நானும், பொருளாளரும், பிளஸ் டூ படிக்கும் இரண்டு பிள்ளைகளும்தான். அந்தப் பிள்ளைகளுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. கேமரா பதிவு வேண்டும் என்று இரவு பத்து மணிக்கும் அழைக்கும் உறுப்பினர்கள், மாதத்தில் ஒரு காலை அரை மணி நேரம் வரக்கூடாதா?

சந்தா விஷயமும் அப்படித்தான். வளைகுடாவில் இருப்பவர்கள் தவறாமல் அனுப்புகிறார்கள். பத்து வீடு தாண்டி நடந்து வந்து கொடுக்கக்கூடியவர்களிடம்தான் பாக்கி நிற்கிறது. வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். புதிய ஹார்ட் டிஸ்க், பேட்டரி வேலை, இதர செலவுகள் போக ஆண்டு சிறிய இருப்புடன் முடிந்திருக்கிறது. ஒன்றிரண்டு பில்கள் இன்னும் தீர்க்கப்படவில்லை.

வரும் ஆண்டு பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நம் கணினியில் ஓடும் விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட்களுக்கு மட்டும் கட்டணமில்லாமல் ஓராண்டு நீட்டிப்பில் சேர வழி இருந்தது, சேர்த்துவிட்டோம். அது 2026 அக்டோபர் வரைதான். நம் கணினி பழையது, விண்டோஸ் 11 ஏற்காது. அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போடலாம், அல்லது வேறு கணினி வாங்கலாம். லினக்ஸுக்குக் காசு வேண்டாம், கற்றுக்கொள்ள ஆள் வேண்டும். கணினிக்குக் காசு வேண்டும். இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்தால் நல்லது.

தலைவர், செயற்குழு உறுப்பினர்கள், படிப்பகத்தைத் திறந்து பூட்டும் அண்ணாச்சி, கணக்கைத் தணிக்கை செய்து தந்தவர், பந்தலுக்கு இடம் கொடுத்த குடும்பத்தார் அனைவருக்கும் நன்றி.

செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் சாவி, கடவுச்சொற்கள், அட்டவணை எல்லாவற்றையும் முறையாக ஒப்படைப்பேன். அட்டவணையைப் பாதியில் விடாதவராக அவர் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். யாரும் வராவிட்டால் நான் தொடர்வதில் தடையில்லை, ஆனால் ஞாயிறு காலைக்குப் புதிதாக நான்கு பெயர்கள் வேண்டும். பதிவேடு மேசையில் இருக்கிறது. சந்தா வாங்கப் பொருளாளர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்