பெயரை முதலில் தமிழில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியத் தமிழராகிய நம் அடையாளக் கார்டுகளில் உள்ள உரோமன் எழுத்துக்கூட்டல் முழுக்கத் தோட்டத்துக் கிராணிமார் (எழுத்தர்கள்) செய்த பிழை, தாத்தா பாட்டி பெயர்களில் பொருளேதும் இல்லை, குடும்பப் பெயர் இல்லாதது தமிழருக்குக் குறை என்று சென்ற ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மூன்றையும் மறுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குப் பெயர் பதியக் காத்திருக்கும் இளம் பெற்றோர் இதை நம்பிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

லெட்சுமணன் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். எல், இ, டி, சி, எச் என்று அது தொடங்குவதைப் பார்த்து, எழுதத் தெரியாதவர் எழுதியது என்கிறார்கள். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் பேச்சில் மட்டுமல்ல, எழுத்திலும் அது லெட்சுமணன்தான். பினாங்கு வீதியில் கிட்டங்கி (வட்டிக்கடை) நடத்திய நகரத்தார் அந்தப் பெயருக்கு இடும் முதலெழுத்து 'லெ.'. கிராணி காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார், அவ்வளவே. சுப்பையாவுக்கு இரண்டு 'பி' போட்டதும், சின்னசாமியை 'எஸ்' கொண்டு தொடங்கியதும், 'சாமி'யில் 'டபிள்யூ' சேர்க்காமல் விட்டதும் இதே வகை. இவையெல்லாம் கப்பலேறி வந்தவர்களின் வாய்மொழியை நமக்குக் காத்துத் தந்திருக்கின்றன. இவற்றைத் திருத்துகிறேன் என்று கிளம்ப வேண்டாம்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நாம் எழுதும் உரோமன் எழுத்தில் குறில் நெடில் தெரியாது. ல, ள, ழ பிரியாது. ன, ண பிரியாது. வள்ளி வேறு, வல்லி வேறு. உரோமனில் இரண்டும் ஒன்று. கனியும் காணியும் ஒன்றாகிவிடும். மலர்விழி 'மலர்விலி' ஆகிறாள், யாழினி 'யாலினி' ஆகிறாள். 'இசட் எச்' போட்டுக் காப்பாற்றலாம் என்றால், மலாய் ஆசிரியர் அதை 'ஸ' போலப் படிக்கிறார். வேலுவுக்கு இரண்டு 'ஓ' போட்டது ஆங்கிலக் காலத்து வழக்கம். மலாய் முறையில் படிப்பவர் வாயில் அது 'வெலோ' ஆகிவிடுகிறது. இன்று பதிகிறவர்கள் உகரத்துக்கு ஒரு 'யு' போட்டாலே போதும்.

பழைய பெயர்களின் பொருளுக்கு வருகிறேன். குப்பன், குப்பம்மாள், குப்புசாமி என்றால் இன்றைய பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்ற வைத்த பெயர் அது. பிச்சை என்பது சாமியிடம் மடியேந்திப் பெற்ற பிள்ளை. இவற்றை ஏளனம் செய்கிறவர்கள், அந்தத் தாய் எத்தனை பிள்ளையைப் பறிகொடுத்திருப்பாள் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். பாவாடை என்ற ஆண்பெயர் உடுப்பைக் குறிப்பதன்று. மேல்மலையனூர் அங்காளம்மனின் காவல் தெய்வமான பாவாடைராயனின் பெயர். முனியாண்டி முனீஸ்வரனை ஒட்டி வந்த பெயர். போதும்பொண்ணு மட்டும் வருத்தம் தருவது: பெண் பிள்ளை போதும் என்று சாமிக்குச் சொன்ன பெயர். அதை மீண்டும் எவரும் வைக்க வேண்டாம்.

பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் திரிபு. பாட்டன் பெயரைச் சுமப்பவன் பெயரன், பாட்டி பெயரைச் சுமப்பவள் பெயர்த்தி. ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும் ஏற்பாடு இது. நகரத்தார் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். சித., பழ., மெ. என்று அடுக்கும் முதலெழுத்துகளில் சிதம்பரம், பழனியப்பன், மெய்யப்பன் என்று மேல் தலைமுறைகள் வரிசையாக நிற்கும். அதற்கு விலாசம் என்று பெயர். குடும்பப் பெயர் செய்யும் வேலையை முதலெழுத்து செய்திருக்கிறது. இதில் குறை எங்கே இருக்கிறது?

தலைமுறை தாண்டி வரும் பெயரும் பினாங்குக்குப் புதிதில்லை. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைத் தோற்றுவித்த காதர் மொகிதீன் மரைக்காயர் மரபில் வந்தவர்கள் இன்றும் 'மெரிக்கன்' என்று போட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்காவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மரைக்காயர் என்பதே இங்கே அப்படித் திரிந்தது. மரக்கலம் என்ற சொல்லோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். இராவுத்தர் குதிரை வீரர். பிள்ளை, நாயுடு, படையாச்சி போன்றவை சாதிப் பட்டங்கள், குடும்பப் பெயர்கள் அல்ல. தந்தையின் கார்டில் பட்டம் ஏறியிருந்தால், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயரோடு அதுவும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

பதிவு எப்படி என்று பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். தாண்டினால் அது தாமதப் பதிவு, வேலை கூடும். பாரத்தை நிரப்புமுன் பெயரைத் தமிழில் எழுதுங்கள். அதைப் பார்த்து உரோமனில் எழுதுங்கள். அந்த உரோமனை மலாய்க்காரர் ஒருவரிடமும் சீனர் ஒருவரிடமும் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் வாயில் என்ன வருகிறதோ, அதைத்தான் பள்ளியிலும் கிளினிக்கிலும் பிள்ளை ஆயுள் முழுக்கக் கேட்கப் போகிறது. பொருந்தாவிட்டால் அப்போதே எழுத்தை மாற்றுங்கள்.

தந்தை பெயரை அவருடைய மைகார்ட்டில் (அடையாளக் கார்டில்) உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டும். அண்ணன் பத்திரத்தில் முனியாண்டி 'ஒய்'யிலும் தங்கை பத்திரத்தில் 'ஐ'யிலும் முடிந்தால், தந்தை இறந்த பிறகு சொத்து, சேமநிதிப் பணம் என்று கேட்கும்போது இருவரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று நிறுவ நேரும். அதற்கு 1960-ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி, அதற்கென உள்ள ஆணையர் முன்னிலையில் சத்தியப் பிரமாணம் எடுத்து, மற்ற ஆவணங்களையும் திரட்ட வேண்டும். அச்சான பத்திரத்தைக் கவுண்டரிலேயே நின்று படியுங்கள்.

ஆங்கிலேயர் காலத்து 'எஸ்/ஓ' (இன்னார் மகன்), 'டி/ஓ'வின் (இன்னார் மகள்) இடத்துக்குத்தான் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கங்களான 'ஏ/எல்', 'ஏ/பி' வந்தன. அவை உறவைக் காட்டும் குறிகள், பெயரின் பகுதி அல்ல. விமான டிக்கெட் எடுக்கும்போது இந்தச் சுருக்கங்களில் உள்ள சாய்கோட்டைப் பல இணையப் படிவங்கள் ஏற்பதில்லை. தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், தாய்க்கும் பிள்ளைக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர் விழும். பிள்ளையோடு தனியே வெளிநாடு போகும் தாய்மார் பிறப்புப் பத்திர நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது.

நட்சத்திர எழுத்து பார்ப்போர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். 27 நட்சத்திரம், நான்கு பாதம், ஆக 108 எழுத்து. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு 'ங', அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு 'ண' என்று பஞ்சாங்கத்தில் இருக்கும். அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் தமிழில் கிடையாது. இல்லாத பெயரை உருவாக்க வேண்டாம். அதே நட்சத்திரத்தின் வேறு பாத எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். எண்கணிதமோ தமிழ் ஒலியைத் தொடுவதே இல்லை. கல்தேய முறையில் 'எச்'சுக்கு 5, 'ஏ'வுக்கு 1. கூட்டுத்தொகையைச் சரிக்கட்டத்தான் பெயர்களில் ஒலிக்காத 'எச்'சும் இரட்டை 'ஏ'வும் நுழைகின்றன. பிள்ளை ஒவ்வொரு கவுண்டரிலும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இணையத்தில் போட்டிருக்கும் பொருளையும் அப்படியே நம்பாதீர்கள். பிரித்துப் பாருங்கள்: ரமா + ஈசன் ரமேஷ், தினம் + ஈசன் தினேஷ், அதாவது பகலின் தலைவனான சூரியன். ஆனால் 'ஏஷ்' என்று முடிவதெல்லாம் ஈசன் ஆகாது. 'விகேச' என்றால் வடமொழியில் தலைவிரிந்தவன், மயிரற்றவன் என்று பொருள். கவின், முகிலன், கயல்விழி போன்ற பெயர்களை வைத்தால் அகராதியைத் தேடவே வேண்டாம். வீட்டில் உள்ள பாட்டியே பொருள் சொல்லிவிடுவார்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) தேர்ச்சிச் செய்திகளில் உரோமன் பட்டியலைப் பார்த்து ஊகித்தே பெயர்களைத் தமிழில் எழுதுகிறீர்கள் என்று தெரிகிறது. ஒரே மாணவி ஒரு நாள் கலா, மறுநாள் காலா. செய்தி எடுக்கும்போதே பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பிள்ளையிடமோ பெற்றோரிடமோ கேட்டுக் குறித்துக்கொள்ளும்படி நிருபர்களிடம் சொல்லுங்கள். இரங்கல், பிறந்தநாள் விளம்பரப் பாரங்களில் 'பெயர் தமிழில்' என்று ஒரு வரி சேர்த்தாலும் நல்லது.

அன்புடன்,
வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு