ஆக்டிங் போகும் 108 பைலட் அண்ணன்களுக்கு

வணக்கம். 108 ஆம்புலன்ஸை ஓட்டுகிற உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வரும் மருத்துவ உதவியாளர்களில் ஒருத்தி எழுதுகிறேன்.

நைட் டூட்டி முடிந்து வண்டியை ஒப்படைத்ததும் நேராக ஸ்கூல் வேனுக்கோ கால் டாக்ஸிக்கோ போகிறவர்கள் நம்மில் நிறைய. முகூர்த்த நாளில் ஆக்டிங் டிரைவருக்கு, அதாவது அடுத்தவர் வண்டியைக் கூலிக்கு ஓட்டிக் கொடுப்பவருக்கு எவ்வளவு கிராக்கி, கார்த்திகை மார்கழியில் சபரிமலை வேனுக்கு எத்தனை பேர் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். இரண்டாவது வேலை தப்பென்று சொல்ல மாட்டேன். வாடகையும் பிள்ளைகள் ஃபீஸும் ஒரே சம்பளத்தில் அடங்குவதில்லை. ஆனால் நைட் டூட்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஸ்டியரிங் பிடிக்கிற வேலை மட்டும் வேண்டாம், அண்ணா.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 50 மி.கி. மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 24 மணி நேரம் ஆனால் அது 100 மி.கி.க்குச் சமம். நம் நாட்டுச் சட்டத்தில் 30 மி.கி.யைத் தாண்டினாலே குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு. காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலெல்லாம் டாக்ஸி ஓட்டி, ராத்திரி எட்டு மணிக்கு டூட்டி ஏறினால் பதினொரு மணிக்கே 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் பைபாஸில் விபத்து கேஸ் வரும்போது உங்கள் நிலைமை என்ன? உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சுகிற நேரமும் அதுதான்.

பின்னால், இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுக்கும்போது நான் சீட் பெல்ட் போட முடியாது. நின்றுகொண்டோ குனிந்துகொண்டோதான் அழுத்த வேண்டும். நீங்கள் ஒரு நொடி கண்ணயர்ந்து திடீரென்று பிரேக் போட்டால் முதலில் தூக்கி வீசப்படுவது நான். பிரசவ கேஸ் என்றால் தாயும் குழந்தையும் சேர்த்து. சைரன் சத்தத்தில் தூக்கம் வராது என்று சிலர் சொல்கிறீர்கள். தினமும் கேட்டுப் பழகிய காதுக்கு அதுவும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இன்னொன்று. 12 மணி நேர ஷிஃப்டை எட்டாக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். நியாயமான கோரிக்கை. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் வரம்பு வைத்தது. களைப்பில் உயிர் போகும் என்று சொல்லிக் கேட்கிற நாமே மிச்ச நேரத்தையும் ரோட்டில் கழித்தால் நம் பேச்சு எடுபடுமா?

ஆக்டிங் போயே ஆக வேண்டுமென்றால் ஆஃப் நாளில் போங்கள். சபரிமலை மாதிரி தூர டிரிப் என்றால் இரண்டாவது டிரைவர் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். நைட் டூட்டி உள்ள நாளில் மத்தியானம் ஒன்றரை மணி நேரமாவது படுத்து எழுந்து வாருங்கள்.

டூட்டி மாறும்போது ஆக்சிஜன், டீசல், டயர் எல்லாம் சரிபார்க்கிறோம். அப்படியே, "எவ்வளவு நேரம் தூங்கினீங்க?" என்று நான் கேட்பேன். கோபப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். என்னையும் கேளுங்கள், மருந்து அளவு பார்த்து ஏற்றுகிற கை என்னுடையது.