உத்திரத்தை விற்றுவிடாதே, கோமு

ஜனக்புரி, புதுதில்லி
செப்டம்பர் 14

அன்புள்ள கோமு,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். பிரியாவுக்கு அதே ஆபீஸ், பேரன் யூ.கே.ஜி. போகிறான், என் சர்க்கரை மாத்திரைக்கு அடங்கி இருக்கிறது. பத்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். ஆனால் நானும் உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் காலைக் காபி குடித்த கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று சுப்பு போன் செய்தாள். ஆயுத பூஜை கழிந்ததும் உங்கள் வீட்டை இடிக்கப்போகிறார்களாம். பழைய மரக் கடைக்காரர் வந்து நிலை, கதவு, உத்திரம் எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒரு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறாராம். இதை நான் சுப்பு வாயிலிருந்தா கேட்க வேண்டும்? தையல் கூடை விஷயத்தைக்கூட முதலில் என்னிடம்தானே சொன்னாய்!

முன்பணம் வாங்கிவிட்டாயா? வாங்கவில்லை என்றால் வாங்காதே. வாங்கியிருந்தால், கூடத்தில் ஊஞ்சல் தொங்கிய உத்திரம் மட்டும் கணக்கில் சேராது என்று உடனே சொல்லிவிடு. வீட்டை இடிக்காதே என்று நான் சொல்லமாட்டேன். அண்ணன்கள் மூன்று பேரும் மூன்று ஊரில் இருக்க, நீ ஒருத்தி எத்தனை மழைக்குத்தான் ஒழுகலுக்கு அண்டா வைப்பாய். இடி, ஃபிளாட் வாங்கு, லிப்டில் ஏறி இறங்கு. அந்த உத்திரம் மட்டும் எனக்கு வேண்டும். எனக்கு என்றா சொன்னேன், உனக்குத்தான்.

ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று புரிய வேண்டுமானால் மேஜைக் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் சமையல் மேடை 36 அங்குல உயரம். நீ இங்கே வந்தபோதே "என்னடி இது, கழுத்து வரைக்கும் வருது" என்றாய். முப்பது வருஷம் அதில் தோளைத் தூக்கித் தூக்கிக் காய் நறுக்கி, நான் ரிட்டையரான வருஷம் வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோக முடியாமல் போயிற்று. பிசியோதெரபி செய்த பெண்தான் கேட்டாள், எந்த உயரத்தில் வைத்து நறுக்குகிறீர்கள் என்று. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் அதற்கு நாலைந்து அங்குலம் கீழே பலகை இருக்க வேண்டுமாம். எனக்கு அது 32 அங்குலம். அந்த உயரத்துக்குச் செய்து வாங்கிய மேஜை ஒரே மழைக்காலத்தில் ஓரமெல்லாம் உப்பி, மேல் தாள் உரிந்து, உள்ளே பார்த்தால் மரத்தூளை அமுக்கிச் செய்த அட்டை. மறுநாளே கீர்த்தி நகர் மர மார்க்கெட்டுக்கு மெட்ரோ ஏறினேன்.

அங்கே ஒரு சந்தில் சகாரன்பூர்க்காரர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். எல்லோரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். செய்து கொடுங்கள் என்று கேட்கப் போனவள், இழைப்புளியைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுவிட்டு நின்றேன். எனக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் ஒரு துண்டுத் தேக்கையும் தன் ராந்தாவையும் (இழைப்புளிக்கு இந்தியில் அதுதான் பேர்) என் பக்கம் தள்ளினார். அரை மணி நேரம் கழித்து ஒரு சீவல், முழு நீளத்துக்கு, வெங்காயத் தோல் மாதிரி சுருண்டு வந்தது. அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அங்கே போகிறேன். மற்ற நாட்களில் என் பால்கனிதான் பட்டறை. கீழ்வீட்டுக்காரருக்காக அறுப்பதெல்லாம் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள்.

நான் செய்யப் பழகியது கறிக்கடைக் கட்டை மாதிரியான மேஜை. நம்ம பாய் கடைப் புளியங்கட்டை ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியோடு நிற்போமே. நடுவில் கிண்ணம் மாதிரிக் குழிந்து, சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டு இருக்கும். ராத்திரி கடை கட்டும்போது கல் உப்பைத் தூவிச் சுரண்டுவார். அந்தக் கட்டையில் கத்தி ஏன் சீக்கிரம் மழுங்குவதில்லை, கறியில் ஏன் சிராய் ஒட்டுவதில்லை என்று நாம் யோசித்ததே இல்லை. மரத்தைக் குறுக்கே அறுத்து, நரம்பெல்லாம் மேலே பார்க்க நிறுத்தி வைத்தது அது. ஒரு விளக்குமாற்றின் அடிப்பக்கத்தில் கத்தியை வைத்து அழுத்திப் பார், குச்சிகள் விலகிக் கொடுக்கும், எடுத்ததும் மறுபடி சேர்ந்துகொள்ளும். படுக்கப் போட்ட பலகையில் கத்தி ஒவ்வொரு தடவையும் நரம்பை அறுக்கிறது. நிறுத்திய மரத்தில் நரம்புகளுக்கு நடுவே இறங்குகிறது.

மேஜை அளவுக்கு ஒரே அடிமரம் கிடைக்காது, கிடைத்தாலும் காயும்போது வெடிக்கும். அதனால் சட்டம் சட்டமாக அறுத்து, ஒட்டி, காய்ந்ததும் அதைக் குறுக்கே துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் நிமிர்த்தி, ஒன்றைத் திருப்பி ஒன்றைத் திருப்பாமல் வைத்து மறுபடி ஒட்ட வேண்டும். சதுரங்கப் பலகை மாதிரி வரும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே பசை தடவ வேண்டும். பசை தண்ணீர் தாங்குகிற ரகம். கிளாம்பை ரொம்ப முறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்து, உள்ளே ஒன்றும் மிஞ்சாது. ஓரத்தில் மணி மணியாக முத்துக் கோத்த மாதிரி வந்தால் போதும்.

முதல் மேஜையைப் போன வருஷம் மே மாதம் ஒட்டினேன். 4 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம். கணக்குப் போட்டால் சரியாக ஒரு கன அடி, தேக்கில் சுமார் 18 கிலோ. அழகாக இருக்கட்டும் என்று சுற்றிலும் நாலு பக்கம் சட்டம் வைத்து மூலையை இழைத்து ஒட்டினேன். எட்டு வாரம் கோமு, ராத்திரியில் எழுந்து வந்து தடவிப் பார்ப்பேன். ஜூலைக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் விடியற்காலையில் சமையலறையிலிருந்து படார் என்று ஒரு சத்தம், குக்கர்தான் வெடித்துவிட்டது என்று ஓடினேன். மேஜையின் இரண்டு மூலை பிளந்து நின்றது. சுண்டு விரல் நுழைகிற இடைவெளி. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உஸ்தாத் வந்து பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த மாசம் ஒட்டினீங்க?"

தில்லி மே மாதத்தில் பகல் காற்றில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போகிற நாள் உண்டு. ஆகஸ்டில் 80-ஐத் தாண்டும். மரம் நீள வாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம், அகல வாக்கில்தான் ஊதும், சுருங்கும். நிறுத்தி ஒட்டிய பலகை நாலு பக்கமும் ஊதுகிறது. நான் அதைச் சுற்றி வைத்த சட்டமோ தன் நீளத்தில் ஒரு நூல்கூடக் கூடாது. உள்ளே இருப்பது பெரிதாகிறது, வெளியே இருப்பது விடமாட்டேன் என்கிறது. அளந்து பார்த்தேன், அகலத்தில் மட்டும் கால் அங்குலம் கூடியிருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எட்டு வாரம் உழைத்தேனே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

சட்டத்தை அறுத்து எறிந்துவிட்டுப் பலகையை மட்டும் எடுத்து, அதிக ஈரமும் வறட்சியும் இல்லாத அக்டோபர் வரை காத்திருந்து, கால்களோடு சேர்த்தேன். இந்தத் தடவை திருகு போகும் துளையை நீள்வட்டமாகத் துளைத்தேன், பலகை நகர்ந்தால் திருகும் கூடவே நகரும். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தால் பென்சிலில் நான் எழுதி வைத்திருப்பது தெரியும். ஒவ்வொரு மாதம் முதல் தேதியும் அகலத்தை அளந்து குறிக்கிறேன். அக்டோபரிலிருந்து இந்தச் செப்டம்பர் வரை பன்னிரண்டு கோடு. ஜூன் கோடு எல்லாவற்றுக்கும் உள்ளே நிற்கிறது, ஆகஸ்டு கோடு வெளியே. ஒரு மூலையும் விடவில்லை. இப்போது கை தலைக்கு மேலே போகிறது, கோமு. இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரித்து நறுக்கினாலும் தோள் வலிப்பதில்லை.

மாப்பிள்ளைதான் முதலில் பயந்தார், மரத்தில் கிருமி தங்கும், பிளாஸ்டிக்தான் சுத்தம் என்று. 1990-களில் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்பவர் இதைச் சோதித்திருக்கிறார். மரப்பலகையில் விட்ட கிருமிகள் உள்ளே உறிஞ்சப்பட்டு அங்கேயே பெருகாமல் செத்துப்போயின, கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைத்தான் கழுவிச் சுத்தம் செய்வது கஷ்டமாக இருந்தது. படித்துக் காட்டினேன். அதற்காக அழுக்காக வைக்கலாம் என்று இல்லை, கழுவித் துடைத்து உலரவிட வேண்டும். மாதம் ஒரு தடவை மருந்துக்கடை லிக்விட் பாரஃபினைச் சூடாக்கித் தேய்க்கிறேன், நாலு பங்குக்கு ஒரு பங்கு தேன்மெழுகு உருக்கிச் சேர்த்து. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவாதே, நாள்பட்டால் காறல் வாடை வரும்.

சரி, உன் உத்திரத்துக்கு வருகிறேன். 2014-லேயே பர்மாக்காரர்கள் முழு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கீர்த்தி நகரில் நான் பார்ப்பது நிறைய ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தோட்டத்தில் சீக்கிரம் வளர்த்த தேக்கு. வளையம் அகலம், வைரம், அதாவது நடுவிலிருக்கும் கெட்டி மரம், குறைவு. உன் தாத்தா வாங்கிப் போட்ட பர்மாத் தேக்கு மாதிரி மரம் இனி காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காது. மரக் கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும், அதனால்தான் மொத்தமாக விலை பேசுகிறார். உத்திரம் 8 அங்குலத்துக்கு 6 அங்குலம், 10 அடி நீளம் இருக்கும் என்று வைத்துக்கொள், மூன்று கன அடிக்கு மேல் வரும். பலகைக்கு ஒரு கன அடி, காலுக்கும் கால்களை இணைக்கும் சட்டத்துக்கும் ஒன்று, சேதாரம் போக ஒரு மேஜைக்கு அந்த ஒரே உத்திரம் போதும்.

மாமா அந்த ஊஞ்சலில் உட்கார்ந்துதானே நமக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பெயிலாகி வந்த அன்றைக்கு அப்பா அடிப்பார் என்று நான் வீட்டுக்குப் போகாமல் அந்த உத்திரத்துக்குக் கீழேதான் ராத்திரி தூங்கினேன். அது எங்கேயோ ஒரு ஹோட்டல் வாசலுக்கு அலங்காரமாகப் போகும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொத்தனாரிடம் சொல்லி முழுசாக இறக்கு, பாதியில் அறுக்கவிடாதே. சுத்தியால் தட்டிப் பார், கணீர் என்று இருந்தால் சரி, பொத் என்றால் உளுத்திருக்கிறது. ஒரு காந்தத்தை நீளமாக ஓட்டி, ஆணி எங்கே இருக்கிறது என்று பார்த்து எல்லாவற்றையும் பிடுங்கச் சொல், ஆணி உள்ள மரத்தை அறுவை மில்லில் தொடமாட்டார்கள். ஊஞ்சல் வளையத்தை மட்டும் நானே கழற்றுகிறேன், விட்டுவிடு. நிழலில், தரையில் படாமல், அடியில் ரீப்பர் கட்டை கொடுத்துப் படுக்க வை. சுவரில் சாய்க்காதே.

அறுத்து அனுப்பு, இங்கே செய்து தருகிறேன் என்று சொல்லத்தான் முதலில் நினைத்தேன். அது தப்பு. எண்பது வருஷம் காய்ந்த மரமும் காற்றின் ஈரத்துக்கு அசையத்தான் செய்யும். மேஜை எங்கே இருக்கப்போகிறதோ அந்த ஊர்க் காற்றிலேயே ஒட்டுவதுதான் நல்லது. தை பிறந்ததும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் கிளம்பி வருகிறேன், கிளாம்ப், உளி, இழைப்புளி எல்லாம் என்னோடு வரும். இரண்டு மாதம் சாப்பாடு உன் பொறுப்பு. அப்புறம் சுப்புவிடம் சொல்லி வை, உப்புத்தாள் தேய்க்க அவளும் வர வேண்டும், 80-ஆம் நம்பரில் ஆரம்பித்து 220 வரைக்கும்.

புது ஃபிளாட்டில் எல்லோருக்கும் ஒரே உயரத்தில்தான் கிரானைட் மேடை போட்டிருப்பார்கள். நீ என்னைவிட அரைச் சாண் குட்டை. செருப்பைக் கழற்றிவிட்டு, நிமிர்ந்து நின்று, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று யாரையாவது அளக்கச் சொல். நீயே குனிந்து அளக்காதே, கணக்குத் தப்பும். அந்த எண்ணை இன்றைக்கே எழுதி அனுப்பு.

உன்
ராஜி