ஊருணியும் கரையும்: திருப்பணி நிறைவு அறிக்கை

நகர் நலச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் நகருக்கு மேற்கே இருக்கும் ஊருணியிலும் அதன் கரையிலும் சங்கம் எடுத்துச் செய்த திருப்பணி முடிந்துவிட்டது. மார்கழியில், பிள்ளையார் நோன்பை முடித்து இழை எடுத்த மறுநாள் காலை, கரைப் பிள்ளையாருக்குப் பொங்கலிட்டு நிறைவு செய்தோம். நன்கொடை தந்தவர்கள், மண்வெட்டி பிடித்தவர்கள், சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் படம் கேட்டுக் குடைந்தவர்கள் எல்லாருக்கும் குழு கணக்குச் சொல்ல வேண்டும். வரவு செலவுத் தாள் ரசீதுகளோடு பொருளாளரிடம் இருக்கிறது. தணிக்கை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு நகல் வந்துவிடும். பணம் ஏன் அந்தந்த இடத்தில் போனது என்று சொல்லத்தான் இந்த அறிக்கை.

கரைக்கு வந்து பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வியே, "இவ்வளவு பணத்துக்கு இங்கே என்ன இருக்கிறது?" என்பதுதான். கேள்வி நியாயமானது. செலவில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத வரத்துக்காலில், அதாவது ஊருணிக்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்காலில் போயிருக்கிறது.

பொதுக்குழுவில் பேசியபோது தூர்வாரினால் போதும், தண்ணீர் தானாக நிற்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நாலாவது தெரு ஆச்சி ஒருவர் மட்டும் எழுந்து, "தண்ணி மேக்காட்டுப் பக்கமிருந்துல்ல வரும். அந்தக் காலு எங்கப்பு போச்சு? வெறுங்குழிய ஆழமா வெட்டி என்ன செய்யப் போறீக?" என்று கேட்டார். அன்றைக்கு அதற்குச் சிரித்தவர்கள் உண்டு. அப்புறம் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் எடுத்து விரித்துப் பார்த்தால், ஆச்சி சொன்ன இடத்தில் ஓடைப் புறம்போக்கு என்று கோடு தெளிவாக ஓடுகிறது. புஞ்சைகள் மனையானபோது அந்தக் கால் கிராவலுக்கு அடியில் போயிருக்கிறது. அதன் மேல் தெரு, தெருவின் மேல் வாசல் சறுக்கு, சறுக்கின் மேல் கார்.

நம் பக்கத்துப் பழைய ஊர்களில் இதெல்லாம் கணக்காகச் செய்யப்பட்டிருக்கும். வளவு வீட்டு முற்றத்தில் விழும் மழை தெருக் காலுக்குப் போகும், தெருக் கால் ஊருணிக்குப் போகும், நிறைந்தால் மிகுதி நீர் வழியும் கலுங்கு வழியே அடுத்த ஊருணிக்கோ கண்மாய்க்கோ போகும். சிவகங்கை மாவட்டத்துக்கு ஆண்டு மழை 900 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 930 லிட்டர். நம் தெருக்களில் உள்ள மாடிகளை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். அவ்வளவும் இத்தனை வருஷம் ரோட்டில் தேங்கி, கொசுவை வளர்த்து, சாக்கடையோடு போனது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. நம் வீடுகளிலும் குழாய் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பல வீட்டில் அது எங்கே போய் முடிகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை.

ஊருணி அரசுப் புறம்போக்கு. முறைப்படி விண்ணப்பித்து, அனுமதி கையில் வந்த பிறகே மண்ணைத் தொட்டோம். வரத்துக்காலைத் திறக்கச் சில வாசல் சறுக்குகளை இடித்து, அடியில் கால் போட்டு, மேலே கல் பலகை பாவிக் கொடுத்தோம். சம்பந்தப்பட்ட வீட்டார் முதலில் முகம் சுளித்தாலும் கடைசியில் இடம் கொடுத்தார்கள். அவர்களுக்குக் குழு கடன்பட்டிருக்கிறது. இதைவிடச் சங்கடம், சில வீடுகளின் அடுப்படித் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் அதே காலில் விழுந்துகொண்டிருந்தது. அவற்றைத் தனியே பிரித்து உறிஞ்சுகுழிக்குத் திருப்பியாயிற்று. ஊருணிக்குள் நுழையும் இடத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டியிருக்கிறோம். தெரு மணலும் பிளாஸ்டிக்கும் அதில் தங்கிவிடும். மழைக்கு முன்னால் ஒரு முறையும் மழை நடுவே ஒரு முறையும் அதை அள்ளியாக வேண்டும்.

தூர்வாரும் வேலை சீக்கிரம் முடிந்தது. "இன்னும் நாலடி போகலாமே, மெஷின்தான் நிக்குதே" என்று பலர் சொன்னார்கள். கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. அடியில் உள்ள களிப்பூச்சைக் கிழித்தால் கீழே செம்புறாங்கல் சரளை. அதில் தண்ணீர் நில்லாமல் இறங்கிவிடும். வண்டல் மட்டும் வழித்து எடுத்தோம். அந்தக் கரம்பை மண் முழுவதும் உறுப்பினர் வீட்டுத் தோட்டங்களுக்குத்தான் போனது. டிராக்டர் வாடகையை அவரவர் கொடுத்துக்கொண்டார்கள். படித்துறையில் சரிந்திருந்த செம்புறாங்கற்களைப் புதிதாக மாற்றாமல், அதே கற்களை எடுத்து அடுக்கிக் கட்டினோம்.

கரை முழுக்கச் சீமைக்கருவேலம். வெட்டிவிட்டால் தூரிலிருந்து மறுபடி துளிர்த்துக்கொண்டு வரும் என்பதால் தூரோடு பெயர்க்கச் சொன்னோம். விறகு கரிமூட்டத்துக்குப் போனது, அந்த வரவு கணக்கில் இருக்கிறது. முள்ளை எரிக்கவில்லை. கன்றுகளைச் சுற்றி அதையே அடைத்து வேலியாக்கினோம். இரும்புக் கூண்டுச் செலவு மிச்சம், ஆடும் கிட்டே வரவில்லை. ஆடு இந்த மரத்தின் காயைத் தின்று விதையை ஊரெல்லாம் போடுவதால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதுக் கன்று முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். விட்டால் மறுபடி மெஷின்தான்.

ஒரு தாமதத்துக்கு இங்கே விளக்கம் சொல்ல வேண்டும். வைகாசியில் நடைபாதைக்குக் கொட்டிய கிராவல் குவியல் ஓரத்தில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டுவிட்டது. கூடு என்று ஒன்றும் கிடையாது. மண்ணில் கை அளவு குழிவு, சுற்றிலும் பொறுக்கி வைத்த சரளை, நடுவில் முனை உள்ளே பார்க்க நான்கு முட்டை. சரளைக் கல்லுக்கும் முட்டைக்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியாது. டிராக்டர் ஓட்டுநர் கண்ணில் பட்டது முட்டையல்ல, அவர் தலையைக் குறிவைத்துக் கத்திக்கொண்டு பாய்ந்த தாய்ப் பறவை. முட்டை பொரியக் கிட்டத்தட்ட நாலு வாரம் ஆகும். அந்தப் பக்கம் கயிறு கட்டிவிட்டு மற்ற மூலையில் வேலையைத் தொடர்ந்தோம். ஒப்பந்தக்காரர் கூலி நஷ்டம் என்று முணுமுணுத்தார், உண்மைதான். ஆனால் அவர் பிள்ளைகளே பள்ளி விடுமுறையில் தினம் வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

கன்றுகளைப் பற்றி இரண்டு கருத்து இருந்தது. சீக்கிரம் நிழல் வேண்டும், பூ வேண்டும் என்று ஒரு சாரார் வெளிநாட்டுக் கொன்றை வகையெல்லாம் சொன்னார்கள். குழு இந்த மண்ணின் மரங்களோடு நின்றது. தண்ணீர் ஓரம் மருதமும் நாவலும், அதற்கு மேலே புங்கன், பூவரசு, இலுப்பை, வேம்பு, பிள்ளையார் பக்கம் ஒரு மகிழம், வெளிக்கரை நெடுகப் பனை விதை. கன்றுகள் புரட்டாசி கடைசியில், மழைக்கு முன்னால் நட்டவை. பனை நிழலுக்கு இல்லை, கரை பிடிப்பதற்கு. அது வளர்ந்து பாளை விட நம்மில் பலர் இருக்க மாட்டோம் என்று தலைவர் சொன்னதற்கு, "அதுக்கென்ன, நுங்கு பேரன் திங்கட்டும்" என்று பதில் வந்தது.

நடைபாதைக்குப் பேவர் பிளாக் கேட்டார்கள், நடுவில் புல்வெளி கேட்டார்கள், வண்ண விளக்கோடு நீரூற்றும் கேட்டார்கள். மூன்றும் வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு மொத்தக் குழுவும் பொறுப்பு. சித்திரை வெயிலில் பேவர் பிளாக்கில் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். புல்வெளிக்குத் தினமும் தண்ணீர் விட வேண்டும். ஊருணி நிறைவதற்காகத் திருப்பணி செய்துவிட்டு, அதே ஊருணியிலிருந்து புல்லுக்கு மோட்டார் வைப்பதா? செம்மண் கிராவலை இறுக்கிப் போட்ட பாதைதான் இருக்கிறது. மழையில் கொஞ்சம் சேறாகும், செருப்பில் ஒட்டும். உடற்பயிற்சிக் கருவிகளுக்குத் தனியாக நன்கொடை வந்தால் அடுத்த குழு பார்க்கட்டும். பிள்ளையாருக்கு எதிரே உள்ள திண்ணைக்கு மட்டும் ஓர் உறுப்பினர் தம் வீட்டில் மிஞ்சிய ஆத்தங்குடி தரைக் கல்லைக் கொடுத்தார். நிழலில் இருப்பதால் நிறம் மங்காது.

கரை தயாரானதும் ஆட்கள் தாமாக வந்தார்கள். காலையில் நடப்பவர்கள், மாலையில் சைக்கிள் பழகும் பிள்ளைகள், ஞாயிறு தோறும் நாட்டு விதை மாற்றிக்கொள்ளும் மாடித்தோட்டக்காரர்கள். ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்து கலுங்கில் மறுகால் போன வாரத்திலேயே முக்குளிப்பான் வந்துவிட்டது. மீன்கொத்தி, நீர்க்காகம், உண்ணிக்கொக்கு வந்து போகின்றன. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் இந்த வருஷம் நம் கரையும் சேரப்போகிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்தால் போதும். பைனாகுலர் இல்லாதவர்களும் வரலாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பெயர் சொல்லித் தருவார்கள்.

இன்னொரு கோரிக்கை கொஞ்சம் கஷ்டமானது. நம் மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே பல காலமாக விட்டிருக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கரை மேல் மட்டும் வெடி வேண்டாம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் வைக்கப்போகிறோம்.

கொசு பற்றி வந்த புகார்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். கம்பூசியா மீன் விடச் சொன்னார்கள். அது வெளிநாட்டு மீன், தவளை முட்டையையும் நம் மீன் குஞ்சுகளையும் சேர்த்துத் தின்னும். நாட்டுக் கெண்டையும் தட்டான் புழுவும் இருக்கிற தண்ணீரில் கொசுப்புழு மிஞ்சுவது அரிது. டெங்குக் கொசு முட்டையிடுவது ஊருணியில் இல்லை. மொட்டை மாடியில் கிடக்கும் டயரிலும், பூந்தொட்டித் தட்டிலும், மூடாத தொட்டியிலும்தான். அதைத் தேடிக் குழு உங்கள் மாடிக்கு வர முடியாது.

கரைப் பிள்ளையாருக்குப் பொங்கலிட்ட அன்று வாழை இலையிலும் மந்தாரை இலையிலும்தான் பரிமாறினோம். வெள்ளைப் பணியாரம் முதலில் தீர்ந்தது, காரச் சட்டினி மிஞ்சியது. சாப்பிட்ட இலைகள் அத்தனையும் கரையின் தென்மூலையில் உள்ள மட்குக் குழியில் இருக்கின்றன. சருகும் காய்கறிக் கழிவும் அங்கே கொண்டுவரலாம். எண்ணெய்ப் பண்டமும் மீன் முள்ளும் போட்டால் நாய் கிளறும், தயவுசெய்து வேண்டாம். வீட்டிலேயே மண்பானையில் மட்க வைக்க விரும்புவோர் ஒரு கை கழிவுக்கு இரண்டு கை சருகு என்று போட்டு, துவக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் நாற்றமடிக்காது.

பாக்கி வேலைகள்: வரத்துக்காலில் கடைசிக் கல் பலகை ஒன்று விரிசல் விட்டிருக்கிறது, ஒப்பந்தக்காரர் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அதுவரை அவருக்குரிய கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறோம். மாசி தொடங்கி அடுத்த மழை வரை கன்றுகளுக்கு வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றத் தெரு வாரியாக முறை போட்டிருக்கிறோம். மூன்றாவது தெருவுக்கு மட்டும் இன்னும் ஆள் அமையவில்லை. வண்டல் தொட்டி மூடியின் சாவி செயலாளர் வீட்டில் இருக்கிறது. மழைக்கு முன் அதை அள்ளும் பொறுப்பை எடுத்துக்கொள்ள விரும்புவோர் அடுத்த பொதுக்குழுவுக்குள் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
ஊருணித் திருப்பணிக் குழு