சின்னவள் பால் குடிக்கிறாள்

மட்டக்குளிச் சனத்துக்கு வணக்கம். என் கன்றுக்குட்டி சின்னவள் வயிற்றோட்டத்தில் விழுந்து, குடிக்காமல் கிடந்தது லேன் முழுக்கத் தெரியும். இன்று காலை சின்னவள் தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்தாள். சாணியும் இறுகிவிட்டது. சாணியைப் பார்த்து இவ்வளவு சந்தோசப்பட்ட ஆள் கொழும்பு 15இல் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சந்திச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் தம்பிக்குத்தான் முதல் நன்றி. ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. அவனை யாரும் கூப்பிடவில்லை. சுடுதண்ணி கேட்டு நான் கடைக்குப் போனபோது காதில் விழுந்ததாம். கடை சாத்தியதும் ஈரச் சாரத்தோடு வந்து நின்றான். கன்று சூப்பிப் போத்தலைத் தொடவே இல்லை, வாயைத் திறந்து ஊற்றினால் என்ன என்று ஆளுக்கொரு யோசனை. "ஊத்தாதீங்க அண்ணே, நெஞ்சுக்குள்ள போயிரும்" என்றான். பக்கவாட்டில் கிடந்தவளை நெஞ்சு நிலத்தில் படும்படி நிமிர்த்தி, இரு பக்கமும் சாக்கை மடித்து முட்டுக் கொடுத்தான். இரண்டு விரலை அவள் வாய்க்குள் விட்டு மேலண்ணத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். அவள் சப்பத் தொடங்கியதும் விரலை எடுத்துச் சூப்பியை வைத்தான். ஜீவனித் தண்ணி, அதுதான் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள் தண்ணி, இறங்கியது.

பிறகு ஊருக்கு வீடியோ கோல். தேயிலைத் தோட்டத்து லயத்தில் தூக்கம் கலைந்து, சுவெட்டரோடு அவனுடைய அம்மா. "காது சில்லுன்னு இருக்கா, தொட்டுப் பாரு" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. சில்லிட்டுத்தான் இருந்தது. சாக்கைப் போர்த்தி, காது சூடாகும்வரை தேய்க்கச் சொன்னார். லயத்துக்குப் பின்னால் மாடு வளர்த்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவராம். அம்மா, உங்களை நான் பார்த்ததில்லை, கும்பிடுகிறேன். இப்படி மாடு தெரிந்த கைகள் எத்தனை இந்த ஊரில் கோப்பை கழுவுகின்றனவோ!

சப்பிக் குடித்தால் பால் முதல் வயிற்றில் தங்காமல் நேரே நாலாவது வயிற்றுக்குப் போய்ச் செரிக்கும், ஊற்றினால் முதல் வயிற்றிலேயே தேங்கிப் புளிக்கும் என்று மிருக வைத்தியர் பிறகு விளக்கினார். பாலை நிறுத்தாதீர்கள், ஜீவனியைப் பாலில் கலக்காமல் இடைவெளி விட்டுத் தனியாகக் கொடுங்கள் என்றவரும் அவர்தான். அவருக்கும், அடைத்த கடையைத் திறந்து ஜீவனி பக்கெட் தந்த பார்மசி ஐயாவுக்கும், காசு வாங்காத ஓட்டோ அண்ணனுக்கும், பழைய சாரம், துவாய் என்று கொண்டுவந்து குவித்த அக்காமாருக்கும், எதிர் வீட்டுச் சிங்கள அம்மாவின் பிளேன்டீக்கும் மொத்தமாக ஒரு பெரிய நன்றி.

தம்பி காசு வாங்கவில்லை. சரி, நான் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இனி ஜீவனியும் சூப்பிப் போத்தலும் என் வீட்டில் எப்போதும் இருக்கும். இந்தப் பக்கம் எவருடைய கன்றுக்கு முடியாமல் போனாலும், எந்த நேரமும் கதவைத் தட்டுங்கள்.

பிள்ளைகள் அவளைப் பார்க்கத் தாராளமாக வரட்டும். போகும்போது மட்டும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் போக வேண்டும், இந்த வயிற்றோட்டம் மனிசருக்கும் தொற்றலாமாம். வாசலில் வாளி வைத்திருக்கிறேன்.