பாப்பா என்று கூப்பிட்ட அக்காவுக்கு

பென்னாகரம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும், இடமாற்றலாகிப் போய்விட்ட கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறிவிட்டேன். 500க்கு 287. காலாண்டுத் தேர்வோடு படிப்பை நிறுத்தி, 16 வயதில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். 17 வயதில் மகன் பிறந்தான்.

அக்கா, மகன் வயிற்றில் இருந்தபோது முதல்முறை வீட்டுக்கு வந்த நீங்கள் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "என்ன பாப்பா, இப்படி வெளுத்திருக்கே?" என்றீர்கள். பாப்பா என்று யாரைச் சொல்கிறீர்கள் என்று எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. எல்லோரும் என்னைப் பெரிய மனுஷியாக்கிவிட்டிருந்தார்கள். ஹீமோகுளோபின் 7.2தான் இருந்தது. மாத்திரை போதாது என்று இரும்புச்சத்து டிரிப் ஏற்ற நீங்களே கூட்டிப்போனீர்கள். வயது 19 ஆகாததால் மகப்பேறு நிதியுதவி எனக்குக் கிடையாது என்றார்கள். அன்றைக்கு பஸ் டிக்கெட் எடுத்ததும் நீங்கள்தான்.

பிறந்தபோது மகன் 2.1 கிலோதான் இருந்தான். தொடவே பயந்தேன். அவன் சட்டையைக் கழற்றி என் நெஞ்சில் சாய்த்து, மேலே சேலையைச் சுற்றிவிட்டு, "இப்படியே வச்சிரு, உன் சூடுதான் இவனுக்கு மருந்து" என்றீர்கள். அந்தச் சின்ன மூச்சு என் கழுத்தில் பட்டதை மறக்க மாட்டேன்.

அப்புறம், "படிக்கிறியா?" என்று கேட்ட அங்கன்வாடி டீச்சருக்கு நன்றி. தனித்தேர்வருக்கும் அறிவியல் செய்முறைப் பயிற்சி உண்டு என்று அவர்தான் விசாரித்துச் சொன்னார். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஆய்வகத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் தன் நோட்டை ஒன்றும் கேட்காமல் என் பக்கம் நகர்த்தினாள். அவளுக்கும் நன்றி.

தேர்வு நாட்களில் பள்ளி வாசலில் புங்க மரத்தடியில் மகனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அத்தைக்கு என்ன சொல்ல? கல்யாணத்துக்கு அவசரப்பட்டவரும் அத்தைதான். ஆனால் கணக்குத் தேர்வன்று, "நாங்க செஞ்சது தப்பும்மா" என்றார். அதற்கும் நன்றி அத்தை.

எங்கள் தெருவில் 16 வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தவருக்கு, பேர் சொல்லாமல் ஒரு கும்பிடு. அவள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள்.

நானும் மேலே படிக்கப்போகிறேன் அக்கா. உங்களைப் போல செவிலியராகி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகவேண்டும். நீங்கள் முதலில் மகனின் எடையைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். 11.5 கிலோ.